மூன்று விரல் அகலம்

திருக்கடலூர்க் கரையில்
கும்பிடுகிறவள் போலக் குனிந்து நிற்கிறேன்.
வயிற்றோடு ஒட்டிய பெட்டி, மேலே திறந்த மூடி,
உள்ளே மங்கலாய் ஒரு சதுரக் கடல்.

"என்ன பிள்ளை, பெட்டிக்குள்ள காசு விழுந்திட்டுதோ?"
கேட்பவள் இராசமலர்.
பாரை வெட்டுகிறாள், கத்தியைப் பாராமலே.

இல்லையக்கா, இது கமரா.
புறக்கோட்டையில் வாங்கினது.
"ரெண்டு கண் கிடக்கு தங்கச்சி, ஒண்டு போனாலும் பயமில்லை"
என்று சொல்லி விற்றான் ஒரு பொய்யன்.
மேல் கண் பார்க்க மட்டும்.
அது கண்டதைச் சாய்ந்த ஆடி ஒன்று ஏந்தி
என் முகத்துக்குக் கீழே கிடத்தும்.
பிலிமுக்கு வழி விடுவது கீழ்க் கண்.
அது என்ன காண்கிறதென்று
எடுக்கும்போது எனக்குத் தெரியாது.

ஒருமுறை கீழ்க் கண்ணின் மூடியைக் கழற்ற மறந்து
கோட்டை வாசல் மான்களைப் பன்னிரண்டு தரம் எடுத்தேன்.
ஒரு ரோலுக்குப் பன்னிரண்டுதான்.
கண்ணாடியில் அத்தனையும் வடிவாய் மேய்ந்தன.
கழுவி வந்த பிலிமில் மானுமில்லை கோட்டையுமில்லை,
துடைத்த யன்னல் மாதிரி இருந்தது.

இன்னும் கேள்.
வலப்பக்கம் நிற்கிற சுவாமிமலை
இதற்குள் இடப்பக்கம் போய் நிற்கும்.
வலப்பக்கம் ஓடுகிற வள்ளம் இடப்பக்கம் ஓடும்,
நானும் இடப்பக்கம் திரும்புவேன்,
வள்ளம் போய்விடும்.
வெயில் ஏறினால் கண்ணாடி வெளுத்துவிடும்.
மூக்கு நுனி வியர்வை விழுந்து
கடல் நடுவே புதுத் தீவு ஒன்று உண்டாகும்.

ஆனாலும்
முகத்துக்கு நேரே கமரா நீட்டினால்
தலைப்பை இழுத்து மூடிக்கொள்கிற இராசமலர்
குனிந்து நிற்பவளுக்கு வெட்கப்படவில்லை.
ஐஸ் விலை, ஏலக்காரனின் கள்ளக் கணக்கு,
செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு கட்டாரிலிருந்து எடுக்காத மகன்,
எல்லாம் என் உச்சந்தலையைப் பார்த்தே சொன்னாள்.

விசையை அழுத்தினேன்.

"எங்கையோ பல்லி சொல்லுது" என்று நிமிர்ந்தாள்.
கடற்கரையில் ஏது பல்லி?
நிமிர்ந்ததையும் கண்டேன்.
படம் விழுகிற கணத்திலும்
மேல் கண் இமைப்பதில்லை.

மூன்று கிழமை கழித்துக் கொழும்பிலிருந்து படம் வந்தது.

"என்ர நெற்றி எங்க?"

புருவத்தோடு வெட்டுண்டு நின்றாள்.
இரண்டு கண்ணுக்கும் இடையில் மூன்று விரல் அகலம்.
தூரத்து மலையென்றால் இரண்டும் ஒத்துப்போகும்,
ஆள் கிட்ட வந்தால்தான் பிணக்கு.
மேலே போன மூன்று விரலைக்
கீழே கூட்டித் தந்திருந்தது கமரா.
நான் காணாத ஈர மண், அவளுடைய பெருவிரல்,
பலகைக்கு அடியிலிருந்து
சீலாக் குஞ்சின் வாலில் விழுந்த
பூனையின் முன்னங்கால்.

இராசமலர் கன நேரம் பார்த்தாள்.
"அண்டைக்கு ஒரு சீலா குறைஞ்சது.
தவபாலன்ர பெடியனையெல்லோ ஏசினனான்.
மூண்டு கிழமையா அவன் இந்தப் பக்கம் வரேல்லை."

காசு தந்தாள், நெற்றிக்குக் கழித்துக்கொண்டு.
பிறகு ஒரு சீலாவைத் தாளில் சுற்றிப்
பலகையின் ஓரத்தில் தனியாக வைத்தாள்.

"இப்ப தலையோட ஒண்டு எடு."

சட்டத்துக்குள் அவளை நிறுத்தினேன்.
பிறகு பெட்டியை மூன்று விரல் உயர்த்தினேன்.
கண்ணாடியில் அவள் கீழே இறங்கிப்போனாள்,
மேலே வெறும் வானம்.
பார்வைக்குப் பிழை.
இதுதான் சரி என்று நம்பி அழுத்தவேண்டும்.

"பொறு" என்றாள்.
சந்தில் ஒரு பெடியன் தயங்கி நின்றான்.
கையைத் துடைத்துக்கொண்டு அவள் எழும்பி
வலப்பக்கம் போனாள்.
கண்ணாடியில் இடப்பக்கம்.
நானும் இடப்பக்கம் திரும்பினேன்.