தோள்வரைக் கையுறை

டுக்காசித்தா என்று தொடங்கியது போன வருடத்துப் பதில்.
துக்கமும் சித்தமும் நமக்குப் பழக்கப்பட்டவைதான்,
மலாயில் போய் ஒரே வீட்டில் குடியிருப்பது
அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.
வாசலில் அம்மா காலணி மாட்டிக்கொண்டிருந்தாள்.
கையுறை ஆலையின் இரவு பஸ் ஹாரன் அடித்தது.
"வந்துருச்சா?"
"வந்துருச்சும்மா."
பஸ்ஸைப் பற்றித்தான் பேசினோம் என்று
இருவரும் வைத்துக்கொண்டோம்.

பழைய கட்டுரையை மூன்று மாதம் திறக்கவில்லை.
திறந்ததும் எண்ணினேன்:
அன்பு, ஏழு இடத்தில்.
சிறுவயது முதலே, இரண்டு இடத்தில்.
மாடு, ஓரிடத்திலும் இல்லை.
வாயில்லா ஜீவன் என்று ஒன்று இருந்தது.
பீடோரில் எந்த மாட்டுக்கும் அது பொருந்தாது,
விடிய விடியக் கத்துகிற இனம்.

வேதியியலுக்கு மறுபடி உட்கார்ந்தேன்.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி
தாமானை உரசிப் போகும்போதெல்லாம்
மேசை ஆடி, பென்சீன் வளையம் கோணும்.
சி-யிலிருந்து பி-க்கு வர ஒரு வருடம்.
"ஒரு எழுத்துக்கா?" என்றார் அப்பா,
கேலியாக இல்லை.

டயர் கடைக்கும் கோப்பிக் கடைக்கும் நடுவில்
டாக்டர் இயோவின் கிளினிக்.
முதல் இரண்டு மாதம் மாப்பு மட்டுமே கொடுத்தார்.
சளைக்கிறேனா என்று பார்த்தாரோ,
உண்மையிலேயே தரை அழுக்கோ,
இன்றுவரை தெரியாது.
கடைப் பாக்கி எழுதும் 555 புத்தகத்தில்
மணிநேரங்களை எழுதிவந்தேன்.
சனி, ஆறு. பூனைக்குக் கருத்தடை. விளக்கைப் பிடித்தேன்.
புதன், இரண்டு. நாய்க் காதில் உண்ணி,
நாற்பத்தொன்றுக்கு மேல் எண்ணவில்லை.
பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி.
அடித்து, எழுதி, மறுபடி அடித்தது.

துளசிமணியக்காவின் கிடாரி, தலையீற்று.
இரவு ஒன்பதுக்குப் போன் வந்தது.
எடுத்தது நான்.
"கிடாரின்னா மெதுவாத்தான் போடும்,
காலைல பாக்கலாங்கா."
புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.
அடுத்த பத்தியை நான் படித்திருக்கவில்லை.

பதினொன்றரைக்கு
மோட்டாரில் சேறோடு வந்து நின்றார்.
செம்பனைக்கடியில், டார்ச் வெளிச்சத்தில்
டாக்டர் முயன்று பார்த்து
"என் கை தடிமன், நீ போடு" என்றார்.
தோள்வரைக் கையுறை.
உள்ளே சூடு, பிறகு வழுக்கல்,
பிறகு மடங்கிக் கிடந்த ஒரு முழங்கால்.
குளம்பை உள்ளங்கையால் மூடி
கிழித்துவிடாமல் மெல்லத் திருப்பி
மூவரும் இழுத்தோம்.
வந்தது.
மூச்சு வரவில்லை.
தாய் நக்கிக்கொண்டே இருந்தது.
துளசிமணியக்கா என்னை ஒன்றும் சொல்லவில்லை,
டார்ச்சை மட்டும் அணைத்தார்.

புதுக் கட்டுரையை அங்கிருந்துதான் தொடங்கினேன்.
போன வருடமே இடம் கிடைத்துப் போன யுகேஸ்வரி
போனிலேயே கத்தினாள்,
"செத்த கன்னுக்குட்டிய எழுதுனா
எவன்டி எடுப்பான்?"
உயிரோடு இருந்ததையெல்லாம்தான்
போன தடவை எழுதியாயிற்றே என்றேன்.
அன்பைத் தேடித் தேடி அழித்தேன்.
எண் ஒன்பதரை, எண் பதினொன்றரை,
இடையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது.
சொல் எண்ணிக்கை முடிந்துவிட்டது.

சிபாரிசுக் கடிதத்தை ஒட்டித் தந்தார் டாக்டர்.
டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
முத்திரை மட்டும் தெரிந்தது, தலைகீழாக.

நேற்று இரவு
முந்நூற்றுப் பன்னிரண்டு மணிநேரம் என்று
கட்டத்தில் நிரப்பி அனுப்பிவிட்டேன்.
இன்று காலை துளசிமணியக்கா:
"சினை புடிச்சிருக்கான்னு பாக்கணும்,
டாக்டரோட நீயும் வா."
அதே மாடு.

இரவு வேலை முடிந்து வந்த அம்மா
என் பையிலிருந்து அந்த நீளத்தை
உருவி எடுத்துப் பார்த்தாள்.
"இது எங்க ஆலையில செய்யறதில்ல."
ஆனாலும் பழக்கதோஷம்,
வாயருகே குவித்து ஊதினாள்.
ஐந்து விரலும் எழுந்து நின்றன.
காதோரம் வைத்துக் கேட்டாள்.
"ஓட்ட இல்ல, கொண்டு போ."