வெளியே போகும் வேகம்

தார்மோவின் வீட்டுக்கு இது நான்காவது நடை.
ஆயிரம் மெகாபிட்டுக்குப் பணம் கட்டுகிறார்.
இரவுச் சாப்பாட்டுக்குப் பின்
இரத்த அழுத்தம் பார்ப்பதுபோல் வேகம் பார்க்கிறார்.
தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.
"மீதி எண்பத்தெட்டு எங்கே போகிறது?"
பாலில் தண்ணீர் கலந்தவனைக் கேட்கும் குரல்.

என் கருவியில் ஒரு வாரக் கணக்கு இருந்தது.
மகன் விளையாட்டு, மகள் படம்,
மனைவிக்கு அலுவலகக் கூட்டம்,
எல்லாம் சேர்ந்து பொங்கிய வியாழன் இரவிலும்
அந்த வீடு குடித்தது நாற்பத்தொன்று.
சொல்லவில்லை.
விற்பவன் வேறு, பழுது பார்ப்பவன் வேறு
என்பது கம்பெனிப் பாடம்.
மீன்தொட்டிக்குப் பின்னாலிருந்த ரௌட்டரை மட்டும்
அலமாரி மேல் ஏற்றிவைத்தேன்.

ஹாப்சாலுவைத் தாண்டினால்
கடல் ஓரங்களில் உறையத் தொடங்கியிருந்தது.
அடுத்த பெயர் மாரிகா.
புகார்: தெளிவில்லை. அவ்வளவுதான்.
மணியை அழுத்தினேன், சத்தம் வரவில்லை,
உள்ளே ஒரு விளக்கு மூன்றுமுறை மின்னியது.
பிறகுதான் புரிந்தது.

தாளில் எழுதிக் காட்டினாள்:
அக்கா ஃபின்லாந்தில், ஔலுவில்.
தினமும் ஏழு மணிக்குப் பேசுவோம்.
அவள் கை இங்கே வருகிறது.
என் கை அங்கே போவதில்லை.

அளந்தேன். உள்ளே வருவது இருபது.
வெளியே போவது அரை.
விளம்பரப் பலகையில் எப்போதும் முதல் எண்தான்
மஞ்சளில், ஆள் உயரத்துக்கு;
இரண்டாவதைப் படிக்க மூக்குக்கண்ணாடி வேண்டும்.
வீடு என்றால் வாங்கிக்கொள்ளும் வாய் என்று
யாரோ முடிவு செய்துவிட்டார்கள்,
வீட்டுக்குத் திருப்பிச் சொல்ல
ஒன்றும் இருக்காது என்று.

அரை மெகாபிட்டில் ஔலு போய்ச் சேரும்போது
அவள் விரல்கள்
மாவில் தோய்த்து எடுத்தவை.
வேகமாகச் சொன்னால் ஐந்தும் ஒன்றாகிவிடும்.
ஆகவே இரண்டு வருடமாய்
குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லி வருகிறாள்:
நலம். குளிர். சாப்பிட்டேன். நலம்.

தெருமுனைப் பெட்டிக்குள்
ஒரு செம்பு இணைப்பு பச்சையாய்ப் பூத்திருந்தது.
கையுறையைக் கழற்றினால்தான் கம்பி பிடிபடும்.
நறுக்கி, சீவி, முறுக்கி, மூடி,
விரல் மரத்துப்போய் எழுந்தபோது
வெளியே போவது மூன்று.

ஏழு மணிக்கு நான்
சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.
திரையில் அக்கா வந்தாள்.
மாரிகா ஏதோ சொன்னாள்.
அக்காவின் புருவம் ஏறியது.
மாரிகா மேலும் சொன்னாள்,
தோள், முழங்கை, உதடு, விரல்
எல்லாம் ஒரே சமயத்தில்,
மேசையில் காப்பி தளும்பியது.
எனக்கு அந்த மொழி தெரியாது.
ஆனால் பழைய பாக்கி
எந்த மொழியிலும் அடையாளம் தெரியும்.
இரண்டு வருடம் வழியில்லாமல்
முழங்கைக்குள் அடைந்து கிடந்த சண்டை.

நலம் விசாரிக்க அரை போதுமாயிருந்தது.
சண்டைக்கு மூன்று வேண்டும்.

நான் கிளம்பியதை இருவருமே கவனிக்கவில்லை.

வண்டியில் படிவத்தைத் திறந்தேன்.
பரிந்துரைக்கும் வேகம்:
நூறு, முந்நூறு, ஆயிரம்.
மூன்று கட்டங்கள், மூன்றும் உள்ளே வருவதற்கு.
ஒன்றைத் தொடாமல் படிவம் மூடாது.
அதைத் திறந்தபடியே
பக்கத்து இருக்கையில் போட்டேன்.
ஜன்னலில் இன்னும் அந்தக் கைகள்.

கைபேசி அடித்தது. தார்மோ.
"அலமாரியில் வைத்ததும்
தொள்ளாயிரத்து நாற்பது ஆகிவிட்டது" என்றார்,
சந்தோஷமாகத்தான்.
பிறகு கொஞ்சம் யோசித்து,
"மீதி அறுபது?"

"தேடுகிறேன்" என்றேன்.