பத்தொன்பது நிமிடம்

மேலே அவர்கள் வட்டைச் சுழற்றுவது
கடுகுக்கு எடை கொடுக்க.
கெலுகோரில் மூன்றாம் மாடியில் நான் சுழற்றுவது
அதே எடையைப் பிடுங்க.
ஒரே பையிலிருந்து பிரிந்துபோன விதை.

நிமிடத்துக்கு இரண்டு சுற்று, அவ்வளவுதான்.
கீழே எது என்று வேர் முடிவுகட்டுமுன்
கீழ் நகர்ந்துவிட வேண்டும்.
தரையில் நின்றுகொண்டே தரையை மறைக்கிற வேலை;
சம்பளச் சீட்டில் இதற்கு
ஆய்வுக்கூட உதவியாளர், நிலை இரண்டு என்று பெயர்.

வேர்நுனிக்குள் மாவுமணிகள் இருக்கின்றன.
எந்தப் பக்கம் போய்ப் படிகின்றனவோ
அந்தப் பக்கம் பூமி.
விண்கூடத்தில் மிதக்கும் தட்டில் அவை
மைலோ ஐஸில் கரையாத தூள்போல அலைகின்றன.
வட்டில் ஏற்றினால் விளிம்போரம் உட்காருகின்றன.
பாயான் பாருவில் பஸ் வட்டமடிக்கும்போது
கம்பியைப் பிடித்த நாங்கள் எல்லோரும்
ஜன்னல் பக்கம் சாய்வோமே,
அந்த ஜன்னல்தான் அங்கே தரை.

நேற்று இரவு இரண்டேமுக்காலுக்கு இடி.
மின்சாரம் போயிற்று.
ஜெனரேட்டர் இருமியது, எழவில்லை.
அபாங் சுல்கிஃப்லி கைவிளக்கோடு படியேறி வந்து
எதையோ தட்டி உயிர்ப்பிப்பதற்குள்
பத்தொன்பது நிமிடம்.
நடுவில் கையாலேயே சுழற்றிப் பார்த்தேன்,
ஐந்தாறு சுற்று.
கைக்கு நிதானம் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

மணிகள் இறங்கியிருக்கும்,
இருட்டில், சத்தமில்லாமல்,
மூன்று நாளாக நான் தராத பக்கத்துக்கு.

விடிந்ததும் அளந்தேன்.
நாற்பத்தெட்டில் நாற்பத்தொன்று வேர்கள்
பதினான்கு டிகிரி, ஒரே திசையில்.
மீதி ஏழுக்கு என்ன ஆயிற்றென்று தெரியாது.

படிவத்தில் ஒரு கட்டம்: விலகலுக்குக் காரணம்.
மின்தடை என்று எழுதினேன்.
அடித்துவிட்டுப் பூமி என்று எழுதினேன்.
டாக்டர் ஓய் சிவப்பு மையால் சுழித்து
'வேடிக்கை வேண்டாம்' என்றார்.
மறுபடி மின்தடை.

தட்டைக் காலிசெய்யச் சொன்னார்கள்.
கழுவுதொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்தேன்.
வளைந்த நாற்பத்தொன்றும், நேரான ஏழும்
ஓட்டையைச் சுற்றிச் சுற்றி வந்து
கீழே போயின.
இரண்டு மட்டும் சல்லடையில் ஒட்டிக்கொண்டன.
விரலால் தள்ளிவிட்டேன்.

புது விதை, புது ஈரத்தாள்.
பெயர் எழுதும் இடத்தில் செங்கமலம்,
நேரம் எழுதும் இடத்தில் ஒன்பது பத்து.
வட்டு முனகிக்கொண்டு கிளம்புகிறது.
வெளியே மழை இன்னும் விடவில்லை,
எல்லாத் துளிக்கும் வழி தெரிந்திருக்கிறது.