அஞ்சு நூல்

காலை எட்டரைக்கே சுவரை உடைத்தார் அமலதாஸ்.
உள்ளே இரும்புக் குழாய்.
கொக்குவில் கிணற்றுச் சுண்ணாம்பு
அதன் வாய்க்குள் பல்லாய் முளைத்திருந்தது.

“அரையுமில்லை, முக்காலுமில்லையக்கா.
அஞ்சு நூல் நிக்குது.”

என் கையில் புது பிளாஸ்டிக், அரை இஞ்சி.
உள்ளே போகிறது,
நிற்கவில்லை.

கஸ்தூரியார் வீதிக்கு மூன்றுதரம் சைக்கிள் மிதித்தேன்.
முதற்கடையில் சொக்கற் இருந்தது, புரி வேறு.
அடுத்ததில் சிரித்தார்கள்.
மூன்றாவதில், ஆணிப்பெட்டிக்கு அடியிலிருந்து
கறள் பிடித்த ஒரு றெடியூசர்.
வாய்க்கு வந்த விலை சொன்னார்.
கொடுத்தேன்.

சணல் சுற்றி, பசை பூசி,
மூச்சைப் பிடித்து முறுக்கினார்.
திறந்தோம்.
இருமியது,
தேத்தண்ணி நிறத்தில் துப்பியது,
பிறகுதான் தண்ணீர்.

“சீமெந்து காயுமட்டும் தொடாதேங்கோ”
சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரவு பத்தரை.
சுவருக்குள் ஒரு சொட்டு.
எண்ணிப் பார்த்தேன்,
நாற்பது எண்ண
அடுத்தது.

ரோச் அடித்தேன்.
ஈரச் சீமெந்தில் அவருடைய விரல்கள்.
கீழே ஆணியால் கீறிவைத்தேன்,
இனி உடைக்க வருகிற கைக்கு:

அஞ்சு நூல்.
சொக்கற் தேடி அலைய வேண்டாம்.