கதவு மூடிய பிறகு

பணகுடிக்குத் தெற்கே வேனை நிறுத்தியிருக்கிறோம்.
கண்ணுக்கு எட்டினவரை காற்றாலை.
ஆடி மாசம், அம்மி பறக்கிற காற்று.
ஃபிரிட்ஜுக்குள் வைத்த கொத்தமல்லியில் மட்டும்
ஓர் இலை அசையவில்லை.
வெந்துபோய்க் கிடக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய பழைய டெம்போ டிராவலர்.
இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் போட்டோம்.
கேஸ் ஃபிரிட்ஜ் கதவு வழியாக நுழையவில்லை,
பின்கண்ணாடியைப் பெயர்த்து உள்ளே விட்டோம்.
எந்த இறக்கையில் வெடிப்போ அந்த ஊரில் கொஞ்ச நாள்.
கயிற்றில் தொங்கிப் பிசின் பூசுகிற வேலை எனக்கு.
ஜெபக்கனி வேனுக்குள் இருந்தே
நாலு கடைக்குக் கணக்கெழுதுகிறாள்.
அவளுக்குத் தினம் இரண்டு ஊசி.
மருந்து குளிரில் இருக்க வேண்டும்.

தெர்மாமீட்டர் பதினாலு காட்டியது.
மாவு புளித்து மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது.
"சவத்தத் தூக்கி வெளிய போடும்" என்றாள்.

சாய்ந்து நின்றால் இந்த ஜாதி குளிராது.
மோட்டார் கிடையாது, உள்ளே தீ எரிந்தால்தான் குளிர்
(இதை அவள் இன்னும் நம்பவில்லை).
தம்ளர் தண்ணீரை வைத்து மட்டம் பார்த்து
பின்சக்கரத்துக்கு அடியில் பனஞ்சட்டம் கொடுத்தேன்.
பதிமூன்று.

முதுகுப்பக்கம் சூடு வெளியேறும் வலையில்
குளவி வீடு கட்டியிருந்தது.
சுரண்டி எடுத்தேன், இரண்டு கொட்டு வாங்கினேன்.
வள்ளியூர் பழைய சாமான் கடையில்
கம்ப்யூட்டர் விசிறி இரண்டு, எண்பது ரூபாய்.
ஒன்று முதுகில், சூட்டை வெளியே தள்ள.
ஒன்று உள்ளே, குளிர்த்தகடுகளுக்குக் கீழே.
நாற்பதடி இறக்கையோடு மல்லுக்கட்டுகிறவன்
உள்ளங்கை அகல இறக்கை முன்னால் மண்டியிட்டு
சுத்து, சுத்து என்று கெஞ்சினேன்.
சுற்றியது.
பதினொன்று. அதற்குக் கீழே
இறங்க மாட்டேன் என்றுவிட்டது.

போனை வீடியோவில் போட்டு
தயிர்ச்சட்டியில் சாய்த்துவைத்துக் கதவை மூடினேன்.
அஞ்சு நிமிஷம்.
எடுத்துப் பார்த்தால்
மூடிய பிறகும் எரிகிறது குண்டு பல்பு.
கதவோரத்துச் சுவிட்ச் உள்ளே அமுங்கவில்லை.
நாங்கள் இருட்டில் புழுங்கிக் கிடந்த ராத்திரியெல்லாம்
வெண்டைக்காய்க்குக் கல்யாண வீட்டு வெளிச்சம்.
குளிரைத் தின்றது அதுதான்.
அதுவும் தலைக்கு மேலே, பின்மூலையில்.
பால் பாக்கெட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம்
நிழலில், தடவித்தான் எடுக்க வேண்டும்.

பல்பைப் பிடுங்கி எறிந்தேன்.
வாசலின் இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழாக
எல்இடி பட்டை ஒட்டினேன்.
ஜெபக்கனியின் பிய்ந்த கைப்பையில் இருந்து காந்தம்,
அது கிட்டே வந்தால் அணைகிற சுவிட்ச்.
அடித்தட்டில் எலுமிச்சை ஊறுகாய் இருந்ததை
அன்றைக்குத்தான் கண்டுபிடித்தோம்.

திரும்பவும் போனை உள்ளே விட்டேன், சரிபார்க்க.
இருட்டு. நல்ல இருட்டு.
விசிறியின் முணுமுணுப்பு.
அதற்கும் அப்பால், ரப்பர் விளிம்பைத் தாண்டி
அவள் குரல், அக்காவிடம் பேசுகிறாள் போல:
"...இவரு இப்ப ஃபிரிட்ஜுக்குள்ள படம் புடிக்காரு...
இல்லக்கா, ஊசி போடையில இன்னும் கை நடுங்கத்தான் செய்யுது.
மூணு வருசமாச்சு. சொல்லல.
மேல தொங்குற மனுசன், மனசு பதறக்கூடாதுல்லா."

அதற்குப் பிறகு இருட்டுதான், ரெண்டு நிமிஷம்.
அழித்துவிட்டேன்.

காலையில் கதவைத் திறந்தாள்.
இரண்டாம் தட்டில், வெளிச்சத்தின் நடுவே மருந்து.
எடுத்து உள்ளங்கைக்குள் உருட்டினாள்,
குளிரோடு போட்டால் வலிக்கும்.
வழக்கமாக அந்த நேரத்தில்
கயிற்றைச் சரிபார்க்கப் போய்விடுவேன்.
போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து
ஊசியின் மூடியை வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.
"என்ன இன்னைக்கு?"
"நாலு காட்டுது" என்றேன்.