துணைப்படிவம்

பகாவில் மோட்டார்கடைக்கு மேல்மாடி.
கீழே எவனோ யமாஹாவை முறுக்க
என் திரையில் கட்டங்கள் நடுங்குகின்றன.
மரண சகாய நிதிக்குப் படிவம் செய்கிறேன்.
கூலி, மூன்று தவணையில் இருநூறு வெள்ளி,
ஞாயிறுதோறும் பசியாறல்.

இரண்டே அட்டவணைதான்.
ஒன்றில் உறுப்பினர்,
மற்றதில் அவர் செத்தால் பணம் வாங்குபவர்.
நடுவே கோடு இழுத்தேன்.
இந்த முனையில் ஒன்று,
அந்த முனையில் படுத்துக்கிடக்கும் எட்டு.
"அந்த எட்டு ஏன் கவுந்து கெடக்கு?"
செயலாளர் குணசீலன் எட்டிப் பார்த்தார்.
எத்தனை பேர் வந்தாலும் தாங்கும் என்று அர்த்தம் என்றேன்.
"நிதி தாங்காதே" என்றார்.

மேலே பெயர், தோட்டம், டிவிசன், வீட்டு எண்.
கீழே துணைப்படிவத்தில் வரிவரியாய் வாரிசுகள்.
மேலே ஆள் மாறினால் கீழே குடும்பமே மாறும்.
மேலே ஆளில்லாமல் கீழே எதுவும் நிற்காது,
நின்றால் அனாதை வரி.
நான் வைத்த பெயரில்லை, தொழிலில் அப்படித்தான்.

எது சாவி என்று ஒரு வாரம் சண்டை.
ஐசி எண் போதும் என்றார் பொருளாளர்.
பிறந்த நாள் அதிலேயே, மாநிலம் அதிலேயே,
கடைசி எண் ஒற்றை என்றால் ஆண்.
யோகமலர் பழைய பேரேட்டைப் புரட்டி
ஐசி இடத்தில் வெறும் கோடு போட்டிருந்த
பதினேழு பேரைக் காட்டினாள்.
நானே எண் கொடுத்தேன்,
ஒன்று, இரண்டு, மூன்று,
யாரிடமும் எதுவும் கேட்காத எண்.

உறவை மட்டும் தட்டச்ச விடவில்லை.
விட்டால் ஒரே மனைவியை
சம்சாரம், வீட்டுக்காரி, பினி என்று
நாலு பேராக்கிவிடுவார்கள்.
மனைவி, கணவர், மகன், மகள், தாய், தந்தை:
ஆறோடு பட்டியலை மூடினேன்.
கட்டாயக் கட்டம். காலியாய் விட்டால்
கர்சர் நகராது.

நூற்று நாற்பத்திரண்டில் நின்றது.

வடமலை த/பெ சின்னப்பன்.
இரண்டாம் டிவிசன், செம்பனைக் குலை வெட்டுபவர்.
மணமாகாதவர்.
வாரிசு: ரஃபிகுல்.
ஒரு பாஸ்போர்ட் எண், அதை அடித்து
மேலே இன்னொரு பாஸ்போர்ட் எண்.
உறவு: ஒரே அறை.

என்டர் தட்டினாள். டொய்ங் என்றது.
மறுபடி தட்டினாள்.
"மகன்னு போட்டுறவா?"
ரஃபிகுல் அவரைவிட நாலு வயது மூப்பு.
"அப்ப, அப்பான்னு?"
சிரித்தோம். அப்புறம்
காகிதத்தை இருவரும் கொஞ்ச நேரம் பார்த்தோம்.
'மற்றவை' என்று ஏழாவது ஒன்று சேர்க்கப் போனேன்.
"வேணாண்ணே. அத வெச்சா
நாளைக்கு எல்லாரும் அதையேதான் அழுத்துவாங்க,
சோம்பேறிக்குத் திறந்துவிட்ட கதவு."

உறவுகளையே தனி அட்டவணையாக்கினேன், மூன்றாவதாக.
அதில் ஏழாம் வரி: ஒரே அறை.
அந்த இரவு மழையில் கரண்ட் போய்
பாதியை மறுபடி செய்ய வேண்டியதாயிற்று.

ஜூலையில் வடமலை போனார். லாரி என்றார்கள்.
நிலை என்ற கட்டத்தில்
யோகமலர் ஒரு சொல்லை மாற்றினாள், அவ்வளவுதான்.
மேல் வரியை நீக்கினால்
கீழ் வரிகளும் கூடவே போகட்டும் என்று
ஒரு டிக் உண்டு.
நான் அதை வைத்திருக்கவில்லை,
புத்தியால் அல்ல, மறதியால்.

ரஃபிகுல் பூட்ஸைப் படிக்கட்டில் கழற்றிவிட்டு வந்தார்.
திரையைத் திருப்பிக் காட்டினோம்.
தமிழ் தெரியாது.
"இங்க நீங்க" என்று யோகமலர்
கீழ் வரியைத் தொட்டாள்.
அவர் விரல் மேலே போனது.
"இனி டியா?" என்றார்,
இதுதான் அவனா என்று.
தலையசைத்தேன்.
எழுத்துகளை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தார்.
நாலுதான்.

கையெழுத்து வாங்கி, அவர் இறங்கிப் போனபின்
யோகமலர் சொன்னாள்:
"அண்ணே, உறவுக்கப்புறம் டேப் தட்டுனா
முகவரிக்குப் போவாம
பேருக்கே திரும்புது."
சரி பண்றேன் என்றேன்.
கடைசித் தவணையும் வாங்கியாயிற்று,
இன்னும் பண்ணவில்லை.