மின்தூக்கிக்கு ஒரு கீஷ்

வெண்ணெய் குளிர்ந்திருக்க வேண்டும்,
கையும்தான்.
நான்சி நகரத்து மார்ச்சில் கையைப் பற்றிக் கவலையில்லை.
விரல்நுனியால் மட்டும் மாவை உதிர்க்கிறேன்,
ஈரமணல் போலாகும் வரை.
பிறகு இரண்டு கரண்டித் தண்ணீர், ஓர் அதட்டல்,
துணி போர்த்தி அரைமணி நேரத் தூக்கம்.
மாவுக்கு. எனக்கல்ல.

இன்று இரவு ஏழு மணிக்குக் கூட்டம்,
கீழே, தபால்பெட்டிகளுக்கு எதிரில்.
ஐந்து மாடி, ஒன்பது வீடு,
பதினான்கு மாதமாக அசையாத ஒரு மின்தூக்கி.
பழுது பார்ப்பதா, விடுவதா என்று வாக்கெடுப்பு.
நான் ஐந்தாம் மாடி.
என் முழங்கால்கள் எப்போதோ வாக்களித்துவிட்டன.

லீக்ஸ் மூன்று, வெங்காயத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி.
நெடுக்காகப் பிளந்தால் மடிப்புக்கு மடிப்பு மண்;
குளிப்பாட்டக் குளிப்பாட்ட இன்னும் மண்.
வெண்ணெயில் வதக்குகிறேன்.
சிவக்கக் கூடாது, சோர்ந்தால் போதும்.
பசலையோ கூடை நிறைய வாங்கியது,
சுடவைத்துப் பிழிந்தால்
எலுமிச்சை அளவுக்கு ஓர் உருண்டை.
மீதியெல்லாம் வெறும் வாய்ச்சவடால்.

இது லொரேன். இங்கே கீஷ் என்றால்
முட்டை, பாலேடு, உப்பிட்ட பன்றித்துண்டு, முற்றுப்புள்ளி.
"காய்கறி போட்டால் அதற்கு வேறு பெயர் வையுங்கள்"
என்பார் தரைத்தளத்து முசியே ஜெரார்தன்.
முப்பது வருடம் கசாப்புக்கடை நடத்தியவர்,
மின்தூக்கியின் பொத்தானை ஒருநாளும் தொடாதவர்.
ஆனால் மூன்றாம் மாடி ஹஜீலா பன்றி சாப்பிடமாட்டாள்.
நான்காம் மாடியில் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் லொயிக்
எந்த ஊனும் தொடமாட்டான்.
எனக்கு வேண்டியது ஐந்து வாக்கு.
கறியைக் கழித்துத்தான் கணக்கைக் கூட்டினேன்.

தட்டில் மாவை விரித்து, தாளிட்டு,
மேலே காய்ந்த பீன்ஸ் கொட்டி முதல் சூடு.
பதினோரு வருடமாக இதே பீன்ஸ்.
எத்தனை முறை அடுப்புக்குள் போய் வந்தும்
பாரமாக மட்டுமே இருந்தவை,
ஒருநாளும் பதார்த்தமாகாதவை.

எடுத்தால், விளிம்பில் ஒரு விரிசல்.
மிச்ச மாவைத் தடவி அடைத்தேன்.
மூன்று முட்டை, பாலேடு, ஜாதிக்காய் இரண்டு உரசல்,
ஊற்றினேன்.
அடியில் ஒரு சொட்டு கசிந்து சீறியது.
இனி ஒழுகல் முந்துமா, இறுகல் முந்துமா?
அடுப்பின் கண்ணாடிமுன் குந்தியிருந்தேன்
பந்தயம் கட்டியவளைப் போல.

ஆறு ஐம்பத்தைந்து. இரு கையிலும் துண்டு,
துண்டின் மேல் தட்டு, தட்டில்
இன்னும் நடுங்கும் பொன்னிறம்.
எங்கள் படிக்கட்டு விளக்கு கஞ்சன் வீட்டு விளக்கு,
ஒரு நிமிடம் எரிந்து தானே அணையும்.
நான்காவதைத் தாண்டியதும் அணைந்தது.
பொத்தான் சுவரில் எங்கோ. கைகள் சூட்டில்.
முழங்கையால் துழாவினேன்; சுவர் மட்டும்தான் இருந்தது.
நின்றேன். கூப்பிடவில்லை, வெட்கம்.

வாசனைக்கு முழங்கால் கிடையாது.
அது எனக்கு முன்னே இறங்கிப் போயிருக்கிறது.
கீழே ஒரு கதவு திறந்தது, வெளிச்சம் படியேறியது.
"ஒடீல், இருட்டில் என்ன பிரார்த்தனையா?"
ஹஜீலா ஒரு காலில் செருப்புடன் வந்து
பொத்தானை அழுத்தி, அழுத்தியபடியே
மாடிக்கு மாடி முன்னால் நடந்தாள்.

ஜெரார்தன் மூன்று துண்டு சாப்பிட்டார்.
வாயைத் துடைத்துக்கொண்டு எதிராக வாக்களித்தார்.
நான்குக்கு நான்கு.
ஒன்பதாவது வீட்டுக்காரர் நீஸில், கடலைப் பார்த்துக்கொண்டு.
செப்டம்பருக்கு ஒத்திவைப்பு.

நேற்று மணி அடித்தது. திறந்தால் அவர்,
கழுவிய என் தட்டு அக்குளில்,
முகம் பீட்ரூட்.
பேச முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
தண்ணீர் குடித்தார், மறுபடி குடித்தார்.
"ஜாதிக்காய் அதிகம்" என்றார் முதலில்.
ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் கழித்து,
"எண்பத்தேழு படி."

தொண்ணூற்றொன்று.
நான் திருத்தவில்லை.